‘தைராய்டு இல்லை’ என்று சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகளுக்குப் பதிவு போடுகிற நாள் அது. எனக்கு இரண்டாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாமியார். எதிரே நர்ஸம்மா, குனிந்த தலை நிமிராமல் கேள்வி கேட்டு அட்டையில் எழுதிக்கொண்டே போனார். பெயர், வயது, கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி, சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, தைராய்டு இருக்கா?

“இல்லை” என்றேன்.

அது பொய்யில்லை. எனக்கு நிஜமாகவே தைராய்டு இல்லை. என் கழுத்திலிருந்து அதை முழுதாக வெட்டி எடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கேன்சர். இந்த வார்த்தையை இங்கே எழுதுவதைப்போல அன்றைக்கு வாய் திறந்து சொல்லியிருந்தால், இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, அதனால் பதமாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் போச்சம்பள்ளிப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு அங்கேயே ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை பார்த்தேன். வருகிற பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரிசல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைக்க வேண்டும். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து கழுத்தில் மாட்டிய ஐடி கார்டைக் கழற்றும்போது, கூட வேலை பார்க்கிற பெண் என் கழுத்தைப் பார்த்து, “இன்னாடி இது, பட்டாணி மாதிரி?” என்றாள். இருபத்து நான்கு வயதில் அப்படித்தான் ஆரம்பித்தது. கிருஷ்ணகிரியில் ஸ்கேன், ஊசி போட்டு எடுத்த சோதனை, அப்புறம் பெங்களூருவில் ஆபரேஷன். அதற்கும் பிறகு அயோடின் வைத்தியம் என்று ஒன்று. கதிர்வீச்சு உள்ள அந்த மருந்தைக் குடித்துவிட்டு மூன்று நாள் தனி அறையில் இருக்க வேண்டும், யாரும் பக்கத்தில் வரக்கூடாது. சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். அழுது முடித்து, அழுவதற்கும் சலித்துப்போய், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கிளம்பும்போது டாக்டரம்மா உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார். இந்த வகைக் கேன்சர் பெரும்பாலும் நன்றாகக் குணமாகும், ஒரு வருடம் போகட்டும், கல்யாணம் செய்துகொள், குழந்தை பெற்றுக்கொள், ஒரு தடையும் இல்லை. ஆனால் உன் உடம்பில் அந்தச் சுரப்பி கிடையாது. அது செய்த வேலையை இனி இந்த மாத்திரைதான் செய்யும். காலையில் வெறும் வயிற்றில், ஆயுசுக்கும். நாள் தள்ளிப்போன உடனே ஓடி வா, அளவைக் கூட்ட வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து அதுதான் போகிறது. இதைவிடத் தெளிவாக ஒருவரால் சொல்ல முடியாது. நானும் தலையை ஆட்டினேன்.

இரண்டு வருடம் கழித்துப் பெண் பார்க்க வந்தார்கள். முதலில் வந்தவர்களிடம் அம்மா உள்ளதை உள்ளபடி சொன்னாள். காபியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை அவர்கள். அடுத்து வந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, என்னவோ துணிக்கடையில் ஓரம் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பதைப்போல என் முந்தானையை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “தாலி ஏற வேண்டிய எடத்துல கத்தி ஏறிக்கீதே” என்றாள். அத்தனை பேர் முன்னால். யாரும் அவளை ஏன் என்று கேட்கவில்லை. என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் என்ன திருடியா மாட்டிக்கொண்டேன்? உயிர் பிழைத்து வந்திருக்கிறேன். அதற்கு ஒரு கும்பிடு போடாவிட்டாலும் பரவாயில்லை, வாயையாவது மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

அன்றைக்குத்தான் என் தாய்மாமா காரியத்தைக் கையில் எடுத்தார். எங்கள் பக்கம் தாய்மாமா சொல்லைத் தாண்டிக் கல்யாணப் பேச்சு நகராது. அவர் கண்டுபிடித்ததுதான் அந்த வாக்கியம். “பொண்ணுக்குத் தைராய்டு இருந்துச்சு. ஆபரேசன் பண்ணி எடுத்தாச்சு. இப்ப இல்ல.” அவ்வளவுதான். கேட்டுப் பாருங்கள், ஒரு எழுத்து பொய் கிடையாது. நம் ஊரில் தைராய்டு என்பது உடம்பில் உள்ள ஒரு உறுப்பு என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சர்க்கரை, பிரஷர் மாதிரி அதுவும் ஒரு வியாதியின் பெயர். ‘எனக்குத் தைராய்டு இருக்கு’ என்றால் வியாதி இருக்கிறது. ‘இல்லை’ என்றால் நல்ல ஆரோக்கியம். உண்மையையே பொய்யாக மாற்றித் தந்துவிட்டார் மனிதர். வீட்டில் எல்லோரும் அவர் சாமர்த்தியத்தை மெச்சினார்கள். கம்பெனியில் விரிசல் விட்ட பாகத்துக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் சீட்டைக் கிழித்து வெளியே அனுப்புவார்கள், கல்யாணத்தில் அதற்குப் பெயர் சாமர்த்தியம்!

மூன்றாவதாக வந்தவர்தான் என் கணவர். மத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம், இவர் ஓசூரில் மெஷின் ஆபரேட்டர். நிச்சயம் முடிந்த மறுநாள் போனில் பேசினார். நான் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். “உங்ககிட்ட என் ஆபரேஷன் பத்திப் பேசணும்” என்று ஆரம்பித்தேன். “மாமா எல்லாம் சொல்லிட்டாரு. தைராய்டுதான? எங்க லைன்ல பாதிப் பேருக்குக் கீது. அதுக்குப் போயி பயந்துக்கினு கீறியா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அத்தனை நன்றாக இருந்தது. நானும் சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

கல்யாணம் முடிந்து மூக்கண்டப்பள்ளிக்கு வந்தேன், ஓசூரிலேயே வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மாத்திரை டப்பாவை டிஃபன் பையில் வைத்துக்கொண்டு, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது யாருக்கும் தெரியாமல் வாயில் போட்டுக்கொள்வேன். செக்கப்புக்குப் பெங்களூரு போக வேண்டும். என்ன காரணம் சொல்லிக்கொண்டு போவது? அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். அதற்குள் நாள் தள்ளிப்போய்விட்டது.

விஷயம் கேட்டு ஊரிலிருந்து மாமியார் வந்து இறங்கினார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும், என் அத்தை கெட்டவர் இல்லை. எனக்கு வாந்தி நிற்கவில்லை என்று என்னைக் கம்பெனிக்கே அனுப்பவில்லை, துணி துவைக்க விடவில்லை. விடிந்ததும் கேழ்வரகுக் கூழில் பால் ஊற்றிக் கரைத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. வெறும் வயிற்றில் மாத்திரை போடுவது அதோடு போயிற்று. நான்காவது நாள், தலையணைக்கடியில் இருந்த டப்பா அவர் கையில் சிக்கியது.

“இது இன்னா மாத்திர கண்ணு?”

“தைராய்டு மாத்திரை அத்தை.”

“அதான் எடுத்தாச்சு, இப்ப இல்லன்னு உங்க மாமா சொன்னாரே. இல்லாத வியாதிக்கு எதுக்கு மாத்திர? மாசமா இருக்கறப்ப கண்டதையும் முழுங்கினா பிள்ளைக்கு ஆகாது.”

டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? நாங்கள் கொடுத்த கணக்குப்படி அவர் போட்ட விடை சரிதானே? அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். ‘தாலி ஏற வேண்டிய இடத்தில்’ என்று சொன்னவளின் முகம்தான் கண் முன்னால் வந்தது. வயிற்றில் பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். தனியாக எடுத்து வைத்திருந்த கொஞ்சம் மாத்திரையைக் கைப்பைக்குள் ஒளித்து, ஞாபகம் வந்தபோது, கூழுக்குப் பிறகு, வாரத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோ போட்டுக்கொண்டேன். சீக்கிரமே அதுவும் தீர்ந்தது. மருந்துக்கடைக்குத் தனியாகப் போக அத்தை விடவில்லை. என் வயிற்றில் இருக்கும் உயிருக்குப் போய்ச் சேர வேண்டியதை, அந்தக் குழந்தைக்காக உயிரையே விடுகிற மனுஷி கையால் பூட்டி வைக்க விட்டுவிட்டு, நான் கட்டிலில் படுத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. தைராய்டு இருக்கா என்று நர்ஸம்மா கேட்டார், அத்தை பக்கத்தில் நின்றார், நான் இல்லை என்றேன். அட்டையில் அதையே எழுதினார்கள்.

அடுத்த ஐந்து வாரத்தில் என் உடம்பு கல்லாகக் கனத்தது. முகம் வீங்கியது. வெயில் காய்கிற பகலிலும் போர்வை கேட்டேன். பேசினால் குரல் கரகரத்தது. கர்ப்பம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அத்தை சொன்னார், நானும் அப்படியே நம்பிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் உள்ளுக்குள் தெரிந்தது. தெரிந்துதான் இருந்தது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே நர்ஸம்மா. மதுரைப் பக்கத்துக்காரர், வேலைக்காக ஓசூர் வந்தவர் என்று பேச்சிலேயே தெரியும். ரத்தம் இருக்கிறதா என்று இமையை இழுத்துப் பார்க்க என் முகத்தை நிமிர்த்தினார். துப்பட்டா நழுவியது. கை அப்படியே நின்றது.

“என்னம்மா இது தழும்பு?”

“தைராய்டு ஆபரேஷன்.”

“அன்னைக்கு இல்லைன்ன?”

“எடுத்துட்டாங்க. அதான்... இல்லை.”

எதற்காக எடுத்தார்கள் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அத்தையைப் பார்த்தேன். சொல்லாமல் தப்பிக்க இனி இடமில்லை. கேன்சர் என்றேன். மாத்திரை போடுகிறாயா என்றார். இல்லை என்றேன். அவ்வளவுதான், அந்த அம்மா பேனாவை மேசையில் வீசிவிட்டு எழுந்தார்.

“ஏம்மா, ஒனக்குக் கூறு இருக்கா? அந்த மாத்திரைதாம்மா ஒனக்குத் தைராய்டே! அது போகாம உள்ள இருக்கற பிள்ளைக்கு மூளை எப்படி வளரும்? படிச்ச பிள்ளைதான நீ? யாருக்குப் பயந்துக்கிட்டு இல்லைன்ன?”

வரிசையில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடம் எந்த வார்த்தைக்குப் பயந்து ஒளிந்தேனோ, அது இருபது பேர் முன்னால் உடைந்தது. எனக்கு நர்ஸம்மா மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவமானப்படுத்திவிட்டாரே என்று. திட்டிக்கொண்டே ரத்தம் எடுத்தார், திட்டிக்கொண்டே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார், ரிசல்ட் மதியத்துக்குள் வேண்டும் என்று லேபில் போய்ச் சத்தம் போட்டதும் அவர்தான். மாத்திரை போகாவிட்டால் ஏறுகிற அந்த டி.எஸ்.எச். எண், இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. இன்றைக்கே மாத்திரையை ஆரம்பி, நாளைக்கே பெங்களூருவுக்குப் போ என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து ஒரு இளநீர் வண்டி ஓரமாக நின்றோம். அத்தை ரோட்டைப் பார்த்து நின்றார். கேன்சர்காரியை என் பையன் தலையில் கட்டிவிட்டீர்களே என்று கேட்பார், நானும் பதிலுக்குக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிடுவது என்று தயாராக இருந்தேன். உண்மையைச் சொன்னால் உங்களைப் போன்றவர்கள் எங்களை என்ன பாடு படுத்தினீர்கள் தெரியுமா என்று. அவர் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

“பூட்டி வெச்சேனே. என் கையாலே எடுத்துப் பூட்டி வெச்சேனே. பாத்துக்கினு சும்மா படுத்திருந்தியே, உனக்கு எப்படி மனசு வந்துச்சு? அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆகியிருந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு உசிரோட இருப்பேன்? வியாதிய மறைச்சீங்க, சரி, போவட்டும். என்னக் கொலகாரியாக்கப் பாத்தீங்களே!”

நான் தயார் செய்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் அதற்குப் பதில் ஆகவில்லை. ஊரையெல்லாம் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்திருந்தேன். என் மேல் கோபப்படுகிற உரிமை ஒருவருக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நடுரோடு என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கையை உதறினார். ஆனால் ஆட்டோவை நிறுத்தியதும், என்னை முதலில் ஏற்றியதும் அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து டப்பாவை என் முன்னால் வைத்தார். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்த கணவரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?” என்று மட்டும் கேட்டார். நான் சொல்ல வந்தேன், நீங்கள்தான் சிரித்துவிட்டீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவர் சிரித்தது எனக்கு வசதியாகத்தானே இருந்தது.

மறுநாள் மூன்று பேரும் பெங்களூரு போனோம். என் டாக்டரம்மா ஃபைலைப் பார்த்தார், ரிசல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல் மாதமே வந்திருக்க வேண்டியவள் என்று மட்டும் சொல்லிவிட்டு, மாத்திரை அளவைக் கூட்டி எழுதினார். அப்போது அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, நல்ல கன்னடத்தில் அவரோடு பேச ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் ஆனேக்கல் பக்கம் பூந்தோட்டத்தில் வேலை பார்த்தவராம், எனக்கு அதுவரை தெரியாது. “இது மகுவிகூ பருத்தா?” என்று கேட்டார், இது குழந்தைக்கும் வருமா என்று. வராது, அம்மாவின் கேன்சர் குழந்தைக்குத் தொற்றாது, அயோடின் கொடுத்தும் நாள் ஆகிவிட்டது, அதனாலும் பயமில்லை என்றார் டாக்டர். அப்படியானால் இந்த விட்டுப்போன வாரங்கள்? டாக்டர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஆனால் நான் சத்தியம் செய்ய முடியாது, பிறந்த பிறகு சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார்.

அந்த ‘பெரும்பாலும்’ என்ற சொல்லோடு நான் ஆறு மாதம் குடும்பம் நடத்தினேன். நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்தேன், வந்த எண்ணைப் பார்க்கும்வரை சோறு இறங்காது. குழந்தை உதைத்தால் நிம்மதி, உதைக்காவிட்டால் பீரோ ஞாபகம் வரும். அத்தை என்னைக் கவனித்துக்கொள்வதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் வளைகாப்பு வரைக்கும் என்னோடு அளந்துதான் பேசினார். கண்ணு என்று கூப்பிடுவது நின்றுபோயிருந்தது. அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

பெண் குழந்தை. பிறந்து மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்த அன்று அத்தைதான் காகிதத்தை வாங்கிக்கொண்டு நர்ஸம்மாவைத் தேடிப் போனார், அவர் வாயால் கேட்டால்தான் நம்புவேன் என்று. எல்லாம் சரியாக இருந்தது. இருவரும் என் கட்டிலுக்கு வந்தார்கள். நர்ஸம்மா குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்போதும் என்னை ஒரு முறை முறைத்தார். நான் அவருக்கு நன்றி சொன்னேனா என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. அன்றைக்கு அந்த அம்மா மரியாதை பார்த்து மெதுவாகப் பேசியிருந்தால், நான் இன்னொரு பாதி உண்மையைச் சொல்லித் தப்பித்து வந்திருப்பேன்.

பேர் வைக்கிற அன்று தாய்மாமா வந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது பெருமையாகச் சொன்னார். “பாத்தீங்களா, நான் அன்னிக்கி பேசின பேச்சால எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இல்லாட்டி இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஏது, கொழந்த ஏது?”

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. பிரசவித்த உடம்பு என்றும் பார்க்காமல் எழுந்து போய்க் குழந்தையை அவர் மடியிலிருந்து எடுத்தேன். “எனக்கு என்ன வந்துச்சு மாமா? அந்த வியாதி பேர ஒரே ஒரு தடவ சொல்லுங்க, கேக்கறேன்” என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து அது வரவே இல்லை. “கேன்சர்” என்று அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. “சொன்னா நாக்கு அழுகிப் போவாது, சொல்லுங்க.” மாமா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவர்தான், இன்று வரைக்கும் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. நல்லவர் மனதைப் புண்படுத்திவிட்டாய் என்று அம்மா இன்றைக்கும் போனில் குறைபட்டுக்கொள்கிறாள்.

மகளுக்கு இப்போது இரண்டரை வயது, வாய் ஓயாத பேச்சு. இப்போதெல்லாம் எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும், பக்கத்தில் யார் நின்றாலும், எனக்குக் கேன்சர் வந்து தைராய்டை எடுத்துவிட்டார்கள், மாத்திரையில்தான் இருக்கிறேன் என்று முழுதாகச் சொல்கிறேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்கள் மேலும், என் கழுத்தைத் துணியாகப் பார்த்தவள் மேலும், மாமா மேலும் இருக்கிற கோபத்தை நான் விடப்போவதில்லை. ஆனால் நர்ஸம்மா கேட்டபோது ‘இல்லை’ என்று சொன்ன வாய் அவர்களில் யாருடையதும் இல்லை, என்னுடையது என்பதை, மகள் ஒவ்வொரு புது வார்த்தை பேசும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.